பொம்மை நெருப்பு

கிளென்மோர், ஒன்டாரியோ
27 அக்டோபர் 1997

திருமதி டெல்ஃபின் மக்ஃபெயில் அவர்களுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் அழுவீர்கள், நான்காவது வாக்கியத்தில் நான் போனை வைத்துவிடுவேன். என் அண்ணன் லாக்லன் செத்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று உங்கள் மகள் சிமோன் கெஞ்சியதால்தான் நானும் என் மகள் மொராக்கும் இங்கே குடிவந்தோம். நீங்கள் விக்டோரியாவில், பனியே விழாத ஊரில், சிமோனோடு ரோஜாச்செடி கத்தரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நல்லது. மொராக்குக்கு ஆறாம் மாதம். பிப்ரவரி தொடக்கத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஹெக்டருக்கு மின்கம்பம் ஏறுகிற வேலை, வீட்டில் இருக்கிற நாள் குறைவு.

விஷயம் கணப்பைப் பற்றியது. அது என் அப்பா கல் கல்லாகப் பார்த்து அடுக்கிக் கட்டியது. அதில் மேப்பிள் கட்டை வெடித்து எரிய, நானும் லாக்லனும் காலை நீட்டி உட்கார்ந்து வளர்ந்தோம். பிறகு உங்களுக்காக அவன் அதற்குள் ஓர் இரும்புப் பெட்டியைச் செருகி, குழாயில் கேஸ் கொண்டுவந்து, பீங்கான் விறகும், தணல் மாதிரி சிவக்கிற பஞ்சும் வைத்துக் கண்ணாடியால் மூடினான். அன்றைக்கே சொன்னேன், "இது நெருப்பில்ல லாக்லன், பொம்மை நெருப்பு." அதற்குப் பிறகு அவன் சாவுக்குத்தான் இந்த வாசலை மிதித்தேன். உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பொம்மைகூட ஒழுங்காக இல்லை. கண்ணாடி முழுக்கக் கரி. தீ நீலமாக நிற்காமல் மஞ்சளாக நாக்கை நீட்டி ஆடுகிறது. தணல் என்கிறீர்களே, அது நனைந்த பூனை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடக்கிறது, சிவக்கவே இல்லை. மொராக்குக்கு அதன் எதிரில் உட்காருவதுதான் பிடிக்கிறது. எழுந்தால் தலைவலி என்கிறாள். கேஸ்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தணலையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டுப் புதிது வைக்கச் சொல்லப்போகிறேன்.

எஃபி


விக்டோரியா
5 நவம்பர் 1997

எஃபிக்கு,

தணலைத் தொடாதே. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், மற்றதைப் படிக்காமல் கிழித்துப்போட்டாலும் இது உன் கண்ணில் பட்டுவிடும்.

லாக்லன் போவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் அவரே தன் கையால் வைத்தது அது. கம்பளத்தின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, மண்டியிட்டு, கேக் மேல் அலங்காரம் வைக்கிற மாதிரி ஒவ்வொரு துணுக்காக எடுத்து வைத்தார். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். நீ அதைப் பார்த்ததில்லை. நீ வரவில்லையே, எஃபி.

அவர் போன பிறகு ஒரு குளிர்காலம் அதன் எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மங்கிக்கொண்டே வந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் கடைசியாகப் பட்ட கை அவருடையது. வேறு எந்தப் பொருளைப் பற்றியும் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவர் சட்டைகளைக்கூட சிமோன் துவைத்துவிட்டாள்.

மொராக்குக்குத் தலைவலி என்றால் உடனே அதை அணைத்துவிடு. நிலவறையில் எண்ணெய்க் கொதிகலன் இருக்கிறது, வீடு முழுவதும் சூடாக அதுவே போதும். கணப்பு சும்மா இருக்கட்டும்.

உங்கள் அப்பாவின் நெருப்பை நான் அணைத்ததாக நீ இன்னும் நினைக்கிறாய். விறகுப் புகையில் எனக்கு மூச்சு நின்றுபோகும், அதனால்தான் அவர் மாற்றினார். அன்றைக்கும் சொன்னேன். நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய்.

டெல்ஃபின்


கிளென்மோர்
14 நவம்பர் 1997

டெல்ஃபின்,

கேஸ்காரர் வந்தார். உங்கள் கடிதம் அவர் வருவதற்கு ஒரு நாள் முன்பே வந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இத மாத்தி எத்தன வருஷம் ஆச்சு?"

"எத?"

"இந்தத் தணல. பாறைய உருக்கி நூலா இழுத்துச் செய்யற பஞ்சு இது. வருஷா வருஷம் மாத்தணும். பழசானா பொடிஞ்சு, இறுகி, பர்னர் ஓட்டையில போயி உக்காந்துக்கும். தீக்கு மூச்சு முட்டும். அதான் இவ்வளவு கரி."

"என் பொண்ணுக்குத் தலைவலி வருதே?"

"வரும். கண்ணாடியச் சுத்தி அடைப்பு நாடா பிஞ்சு கெடக்கு. விஷவாயு கொஞ்சம் கொஞ்சமா ரூமுக்குள்ள வந்திருக்கு. வாசனையே இருக்காது. அதுக்கு எதிர்ல உக்காந்தபடியே தூங்கிப்போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல வேண்டாம்."

மொராக் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அவர் நாடாவை மாற்றினார். பிறகு ஒரு சின்னத் தூரிகையை எடுத்துத் தணல் பக்கம் குனிந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. என் மகளைக் கொல்லப் பார்த்த பஞ்சு அது என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தேன்.

"வேணாம். இத வச்சவரோட சம்சாரத்தக் கேக்கணும்."

"வச்சவரு எங்க?"

"செத்துட்டாரு."

அவர் நிமிர்ந்தார். தூரிகையைப் பையில் போட்டுக்கொண்டார். கேஸ் வால்வை மூடி அதில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டினார். புதுப் பஞ்சு ஒரு பொட்டலம் கொடுத்து, பழசை எடுத்துவிட்டு இதை அளவாக வைத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

பொட்டலம் கணப்பு மேடையில் இருக்கிறது. நான் தொடவில்லை. அவன் உங்களுக்குப் புருஷன் மட்டும் இல்லை, எனக்கு அண்ணனும்தான் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

எஃபி


விக்டோரியா
1 டிசம்பர் 1997

எஃபி,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. மொராக் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு முறை பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சிமோனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டே கேட்டாள், "ஏம்மா, ஒவ்வொரு வருஷமும் பழச எடுத்துட்டு அப்பா அத என்ன பண்ணுவாரு?"

கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குப்பையில் போடுவார், எஃபி. சுருட்டி, பைக்குள் திணித்து, சீட்டியடித்துக்கொண்டே போய்த் தொட்டியில் போடுவார். முந்தின வருஷம் அத்தனை சிரத்தையாக வைத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். புதுசு பற்றுகிற நேரம்தான் அவருக்கு முக்கியம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "டெல்ஃபின், வா வா, முழிக்கப் போகுது" என்று கூப்பிடுவார். இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்த எனக்கு இது எப்படி மறந்துபோனது?

எடுத்துவிடு. நீயே எடு. எனக்கு அனுப்ப வேண்டாம், எடுத்து வைக்கவும் வேண்டாம். அவர் போட்ட இடத்திலேயே போடு.

அவர் எப்படிச் செய்வார் என்று எழுதுகிறேன், கவனமாகப் படி. வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பார். கண்ணாடி கனமானது, கீழே இருக்கிற கொக்கிகளை விடுவித்து இரண்டு பேராகத் தூக்குங்கள். பழைய பஞ்சை எடுக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மொராக் அப்போது அறையில் இருக்கக் கூடாது. வாயால் ஊதாதே. மென்மையான தூரிகையால் பர்னர் துளை ஒவ்வொன்றையும் திறந்துவிடு. புதுப் பஞ்சைச் சுண்டுவிரல் நக அளவுக்குப் பிய்த்துக்கொள். உருட்டாதே, அழுத்தாதே. பறவையின் நெஞ்சு இறகு மாதிரி புசுபுசுவென்று இருக்க வேண்டும். துளைகளை மூடாமல், தீ நக்கிவிட்டுப் போகிற தூரத்தில் ஒவ்வொன்றாக வை. ஒன்றின் மேல் ஒன்று கூடாது. ஓரத்தில் எப்போதும் எரிகிற சின்னச் சுடர் இருக்குமே, அதன் பக்கத்தில் எதுவுமே கூடாது.

முக்கியமானது இதுதான். இன்னும் கொஞ்சம் வைத்தால் அழகாக இருக்கும் என்று கை போகும். அப்போது நிறுத்திவிடு.

முதல் தடவை பற்றவைக்கும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வை. பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பார்.

டெல்ஃபின்


கிளென்மோர்
14 டிசம்பர் 1997

டெல்ஃபினுக்கு,

எடுத்துவிட்டேன். கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு வங்கிக் கொள்ளைக்காரி மாதிரி உட்கார்ந்து எடுத்தேன். தொட்டதும் பொடிந்தது. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். கைக்குட்டை எதற்கும் உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன இடத்தில் போட்டேன். சீட்டியடிக்க வரவில்லை.

அறையைத் துடைத்த பிறகு மொராக்கை உள்ளே விட்டேன். அறை வாசலுக்கு வெளியே உட்கார்ந்து கையுறை போட்டுக்கொண்டு பஞ்சைப் பிய்த்துத் தர ஹெக்டர் வந்திருந்தான். மொராக் சாய்வு நாற்காலியிலிருந்து உங்கள் கடிதத்தை வாசித்தாள், நான் வைத்தேன்.

"அம்மா, நிறுத்து."

"இன்னும் ரெண்டு. அந்தக் கட்டைக்கு அடியில மொட்டையா இருக்குடி."

"'கை போகும், அப்போது நிறுத்திவிடு.' அத்தை எழுதியிருக்காங்க. உன் கை போகுது பாரு!"

ஹெக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் நிறுத்தினேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

சிவப்புச் சீட்டை அவிழ்க்கக் கேஸ்காரர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தீ பற்றியது. நல்ல நாற்றம், நீங்கள் சொன்ன மாதிரியே. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நீலத் தீ பீங்கான் கட்டைகளுக்கு நடுவே சும்மா ஓடிக்கொண்டிருந்தது, பஞ்சு பஞ்சாகவே இருந்தது. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று நினைத்தேன்.

பிறகு இடது மூலையில் ஒரு துணுக்கின் ஓரம் சிவந்தது. ஊசி முனை அளவுதான். அது மங்கி, மறுபடி சிவந்தது. அதைப் பார்த்த மாதிரி பக்கத்தில் இருந்ததும் சிவந்தது. அப்படியே வரிசை முழுக்க ஓடியது. நான் வைத்த துணுக்குகள், என் விரலால் வைத்தவை, ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சு விட்டன. மொராக் வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "இங்க ஒருத்தரு உதைக்கிறாரு. இவருக்கும் தெரியுது போல."

பொம்மை நெருப்பு என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அண்ணன் ஏன் விளக்கை அணைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டான் என்று புரிந்தது.

உங்கள் பிறந்த வீட்டுப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுவார்களே, அந்த இறைச்சிப் பை செய்யலாம் என்று இருக்கிறேன். கிராம்பு எவ்வளவு போடுவீர்கள்?

எஃபி


விக்டோரியா
9 ஜனவரி 1998

எஃபி,

இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. டிவியில் உங்கள் பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிறதாம், நிற்கவே இல்லையாம். மின்கோபுரங்கள் முழங்கால் மடங்கின மாதிரி வரிசையாக விழுந்து கிடக்கின்றன. சாலைகளில் மரம். ராணுவத்தை அனுப்புகிறார்கள்.

உன் போன் அடிக்கவில்லை. எண்ணைச் சுற்றினால் உள்ளே ஒன்றுமே இல்லை, சத்தம்கூட இல்லை. இருந்தாலும் சுற்றிக்கொண்டேயிருக்கிறேன்.

கரண்ட் இல்லாமல் எண்ணெய்க் கொதிகலன் ஓடாது. இதை உனக்கு யாராவது சொன்னார்களா? கணப்புக்குக் கரண்ட் வேண்டாம். அந்தச் சின்னச் சுடரின் சூட்டிலேயே அது வேலை செய்துகொள்ளும். அதைப் பற்றவை, எஃபி. கதவுகளுக்குப் போர்வை கட்டி அந்த ஓர் அறைக்குள் எல்லாரும் இருங்கள். வெளியே புகைபோக்கி வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு.

நான் உனக்கு இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் கடிதம் தபால்பெட்டிக்குள் இருக்கும். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டெல்ஃபின்


கிளென்மோர்
19 ஜனவரி 1998

அண்ணி,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். ஒருவர் கூடுதலாகவும் இருக்கிறோம். பொறுமையாகப் படியுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

மழை தொடங்கியபோது ஹெக்டரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாள் கரண்ட் போனது, பிறகு போன். கொதிகலன் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. கணப்பின் குமிழைத் திருப்பினேன். டப் என்று பிடித்துக்கொண்டது. வீட்டில் உயிரோடு இருந்த ஒரே பொருள் அதுதான். நீங்கள் எழுதியதெல்லாம் கடிதம் வருவதற்கு முன்பே செய்துவிட்டோம், போர்வையும் புகைபோக்கியும் உட்பட. நேற்றுதான் அந்தக் கடிதம் வந்தது. படித்துவிட்டு, "நாம செய்யறத அத்தை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தாங்களா?" என்றாள் மொராக்.

பக்கத்துப் பண்ணை ரொசேரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மாடுகளைத் தவிர யாரோடும் குடித்தனம் நடத்தாத மனுஷன். அவர் வீட்டில் சூடே இல்லை. பால் கறக்கிற எந்திரம் நின்றுபோய், அத்தனை மாட்டையும் கையால் கறந்திருக்கிறார். கொண்டுபோக வண்டி வராததால் முக்கால்வாசிப் பாலைப் பனியில் கொட்டியிருக்கிறார். ஒரு வாளிப் பாலைத் தள்ளிக்கொண்டு, கண்ணாடி மாதிரி உறைந்த வயலில் நாலு காலில் தவழ்ந்து வந்து கதவைத் தட்டினார்.

"உள்ள நெருப்பு தெரிஞ்சுது. பால் குடுக்கறேன், உக்கார எடம் குடுங்க."

கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "விறகு எங்க அடுக்கியிருக்கீங்க? நான் போயி எடுத்தாறேன்."

"இது பஞ்சு, ரொசேர். நான் வச்சது."

"நம்ப மாட்டேன்."

இரண்டு நாள் அப்படியே இருந்தோம், ரொசேர் பால் கறக்க மட்டும் தவழ்ந்து போய்வந்தார். வெளியே மரங்கள் முறிந்துகொண்டே இருந்தன. முதலில் துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு பாத்திரக்கடை முழுக்கச் சரிந்து விழுகிற மாதிரி நீளமாக இன்னொன்று. அப்பா வைத்த பெரிய எல்ம் மரமும் போய்விட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மொராக் என் கையைப் பிடித்தாள். ஒரு தடவை வெளியே சத்தமே இல்லாதபோது பிடித்தாள். அப்போதுதான் பிரசவ வலி என்று தெரிந்தது.

"இல்லடி. இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு."

"அத உள்ள இருக்கறவருகிட்ட சொல்லும்மா!"

சாலையில் மரங்கள் குறுக்கே கிடந்தன. காரை எடுத்தால் வாசல் தாண்டாது. நான் ரொசேரைப் பார்த்தேன். அவர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"என்னப் பாக்காதீங்க. எனக்குக் கன்னுக்குட்டி எறக்கத்தான் தெரியும்."

"எனக்கு அதுவும் தெரியாது. வாங்க இங்க."

அண்ணி, நான் ஒரு பிள்ளை பெற்றவள்தான். அப்போது என்னை மயக்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றும் தெரியாது எனக்கு. கணப்பின் எதிரில் மெத்தையைப் போட்டோம். மெழுகுவத்தி தீர்ந்துபோயிருந்தது. இருந்த ஒரே வெளிச்சம் அந்தத் தணலின் வெளிச்சம். மொராக் கத்தவில்லை. வலி வரும்போது ஒரு துணுக்கைக் குறிபார்த்துப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டாள். அது சிவக்கும்போது இழுத்தாள், மங்கும்போது விட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விடியும்போது மழை நின்றது. வெயில் வந்தது. ஜன்னலில் கட்டிய போர்வையின் ஓரம் வழியாக உள்ளே வந்த வெளிச்சம் சாதாரண வெளிச்சம் இல்லை. ரொசேர் போர்வையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "கடவுளே" என்றார். நானும் பார்த்தேன். உலகத்தில் ஒரு பொருள் பாக்கியில்லாமல் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிளையும், வேலிக் கம்பியும், ஒவ்வொரு காய்ந்த புல்லும் பளிங்குக்குள் நின்று வெயிலைப் பிடித்து வீசியது. கண் கூசித் திரும்பினேன். அந்த நொடியில் மொராக், "வருது" என்றாள்.

பெண் குழந்தை. நீலமாக இருந்தாள். அழவில்லை.

கையில் வாங்கியவள் நான்தான். ஒரு ஜோடிக் கையுறை எடைகூட இல்லை. ஈரமாக, அசையாமல் கிடந்தாள். மொராக் கேட்டாள், "ஏம்மா சத்தமே இல்ல? அம்மா, ஏன் சத்தமே இல்ல?" உடம்பு முழுக்க உறைந்து நின்றேன்.

ரொசேர்தான் கத்தினார், "துண்டு! காஞ்ச துண்டு! குளிர்ல நிக்காதீங்க, நெருப்புகிட்டக் கொண்டாங்க!" சூடேறட்டும் என்று கணப்பு மேடையில் துண்டுகளைப் போட்டிருந்தோம். அவள் வாயை விரலால் வழித்துவிட்டு, அந்தச் சூட்டுத் துண்டை எடுத்து, கன்றைத் தேய்க்கிற மாதிரியே முதுகைத் தேய்த்தார். அத்தனை பெரிய கை. "வா, வா, வாடி கண்ணு, எந்திரி" என்று மாட்டிடம் பேசுகிற குரலிலேயே பேசினார். நான் மண்டியிட்டு அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகம் கணப்பைப் பார்த்து இருந்தது. வெப்பம் என் புறங்கை மேல் வந்தது. ஜெபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எதிரில் சிவந்து மங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சு விடு, இப்படி, இப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னேனாம். மொராக் சொல்கிறாள்.

பிறகு அவள் விலா எலும்பு ஒரு முறை உள்ளே போனது. அவ்வளவுதான். ஊசி முனை அளவு. நெஞ்சில் ஒரு சிவப்பு வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. என் கைக்குள், என் கண் முன்னால், நீலம் விலகி அந்தச் சிவப்பு நெஞ்சிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து விரல் நுனிக்கும் ஓடியது. வாயைத் திறந்து கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம் போட்டாள். ரொசேர் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அதைப் பார்த்துவிட்டு உடனே அழ முடியாது. இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கத்தான் முடியும்.

கண்ணைத் திறந்தவள் எங்களைப் பார்க்கவில்லை. தணலைப் பார்த்தாள். நான் குனிந்து அவள் கண்ணுக்குள் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் அது இருந்தது.

அடுத்த நாள் பட்டாளத்துக்காரர்கள் மரத்தை அறுத்துக்கொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் சுகம். ஹெக்டருக்கு யாரோ ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். கம்பத்திலிருந்து இறங்கி அப்படியே வந்தான். மீசையில் பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை வாங்கிக்கொள்ளப் பயந்து, கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். பெயர் இன்னும் வைக்கவில்லை. ரொசேர் ஒன்று சொன்னார், அது அவருடைய நல்ல கறவை மாட்டின் பெயர் என்று பிறகு தெரிந்தது.

ஹெக்டரிடம் கேட்டேன், எல்லாம் விழுந்து கிடக்கும்போது கேஸ் மட்டும் எப்படி வந்தது என்று. "அது மண்ணுக்குள்ள வருது அத்தை. ஆல்பர்ட்டாவிலேருந்து வருது" என்றான். மேலே மனுஷன் நட்டதெல்லாம் முழங்கால் மடக்கி விழுந்துகொண்டிருக்க, கீழே இருட்டில், பாதி நாட்டைத் தாண்டி, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அதைப் பொம்மை என்றேன்.

எஃபி


கிழக்கே போகிற ரயிலில்
7 பிப்ரவரி 1998

எஃபி,

ரயில் ஆடுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

உன் கடிதத்தை சிமோனுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்து முதல் வார்த்தையிலேயே நின்றேன். இத்தனை வருஷத்தில் நீ என்னை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. "மேல படிம்மா" என்றாள் அவள். அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாசிக்க நான் கேட்டேன். குழந்தை அழவில்லை என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். இருவரும் அடுத்த வரிக்குப் போகப் பயந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தோம், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த ஒரு காகிதத்தின் முன்னால். அடுத்த வரியில் குழந்தை செத்துப் போயிருக்க முடியாது என்று அறிவுக்குத் தெரிகிறது, முதல் வரியிலேயே நீ சொல்லிவிட்டாய். ஆனாலும்.

அன்று மாலையே டிக்கெட் எடுக்கச் சொன்னேன். குளிர்காலத்தில் உனக்கு மூச்சு தாங்காதே என்றாள் சிமோன். அங்கே புகை இல்லை என்றேன்.

இன்று காலையிலிருந்து ஆல்பர்ட்டா. வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர் கேஸ் எடுக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவராம். பனிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழாயைக் காட்டினார், வேலிக்குள் தனியாக நின்றது, ஒரு குழந்தை உயரம்தான் இருக்கும். "இங்கேருந்துதாங்க போகுது, ஒன்டாரியோ வரைக்கும்" என்றார். அது கண்ணை விட்டு மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். லாக்லன் எனக்காக, என் நெஞ்சுக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். அதைச் செய்யும்போது அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். யாருக்காக வைத்தோம் என்று வைக்கிறவருக்குத் தெரிவதில்லை போலிருக்கிறது, எஃபி.

இன்னொன்று. போன் செத்துக் கிடந்த அந்த நாட்களில் நான் அந்த வீட்டு எண்ணைச் சுற்றிக்கொண்டேயிருந்தேன் என்று எழுதினேன். எதற்கென்று எழுதவில்லை. லாக்லன் போன பிறகு அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை என்றுதான் கிளம்பி வந்தேன். அந்தச் சத்தமில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தபோது நான் கூப்பிட்டது வீட்டை இல்லை, உன்னைத்தான். நீ எடுத்து என்னைத் திட்டினால் போதும் என்றிருந்தது.

இதை வின்னிபெக்கில் ரயில் நிற்கும்போது தபாலில் போடுவேன். தபாலை விட ரயில் முந்திக்கொள்ளும் என்று நினைக்கிறேன். இது வரும்போது நான் அங்கே இருப்பேன், அநேகமாகக் குழந்தையை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு. அப்படியானால் என் முன்னால் இதைப் பிரிக்காதே. மாடிக்குப் போய்ப் படி. படித்துவிட்டு இறங்கி வந்தால் இதைப் பற்றி ஒன்றும் பேசாதே. அந்த இறைச்சிப் பைக்குக் கிராம்பு எவ்வளவு என்று மறுபடி கேள், சொல்கிறேன்.

உன் அண்ணி
டெல்ஃபின்